படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? ரத்தத்தில் இரும்பு இருக்கிறதா, பாருங்கள்!

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை படி என்று கணக்கு. டிசம்பர் 31-ந் தேதி படித் திருவிழா. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். வள்ளிமலை சுவாமிகள் 1917-ல் தொடங்கி வைத்த வழக்கம் இது. ஆடிக் கிருத்திகைக்குக் கேட்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் இருந்தும், கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆந்திராவில் இருந்தும் காவடிகள் வந்து குவியும்.

அந்தக் கூட்டத்தில், படி ஓரமாக உட்கார்ந்து மூச்சு வாங்குகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். தாத்தா, பாட்டிகள் இருப்பார்கள். அது வயசு. ஆனால் 25 வயசு, 30 வயசுப் பெண்களும் உட்கார்ந்திருப்பார்கள்.

"என்னம்மா, நானே ஏறிட்டேன். நீ உட்கார்ந்துட்டியே!" என்பார் மாமியார்.

"ஒண்ணுமில்லே அத்தை, கால் வலி" என்பாள் மருமகள்.

பேச்சு அதோடு முடிந்துவிடும். மருமகள் எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்சப் படிகளை ஏறுவாள்.

திருத்தணி மலை பெரிய மலை அல்ல. ஆயிரம் அடி உயரம்கூடக் கிடையாது. கீழே ரயில் நிலையத்தில் இருக்கும் அதே காற்றுதான் மேலே கோவிலிலும் இருக்கிறது. நல்ல உடம்பு உள்ள 25 வயசுப் பெண் நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏற வேண்டிய மலை அல்ல அது. அப்படி உட்கார நேர்ந்தால் காரணம் தேட வேண்டும். இருதயக் கோளாறாக இருக்கலாம், ஆஸ்துமாவாக இருக்கலாம். நம் நாட்டுப் பெண்களைப் பொறுத்த வரை முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒன்று உண்டு. அதுதான் ரத்தச் சோகை.

ஒரு ஆணி அளவு இரும்பு

நாம் மூச்சை இழுக்கிறோம். காற்றில் உள்ள பிராணவாயு நுரையீரலுக்குப் போகிறது. அங்கிருந்து கால் தசைக்கு அதை எடுத்துக்கொண்டு போவது யார்? ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்கள். அந்த அணுக்களுக்குள் ஹீமோகுளோபின் என்ற பொருள் இருக்கிறது. அதில் உள்ள இரும்புதான் பிராணவாயுவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. தசைக்குப் போனதும் இறக்கி வைக்கிறது. மூட்டை தூக்குகிற கூலியாள் மாதிரி.

ஒரு மனிதன் உடம்பில் மொத்தம் உள்ள இரும்பு 3 அல்லது 4 கிராம். ஒரு சின்ன ஆணி செய்யலாம். அவ்வளவுதான்! அதில் பெரும் பங்கு ரத்தத்தில் இருக்கிறது. ஒரு சிவப்பு அணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். அது செத்ததும் அதில் இருக்கும் இரும்பை உடம்பு வீணாக்குவது இல்லை. எடுத்துப் புது அணுவுக்குப் போடுகிறது. பழைய பித்தளையைப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்குகிற இல்லத்தரசியின் சிக்கனம்!

ஆண்களுக்கு இந்தச் சிக்கனம் போதும். பெண்களுக்குப் போதாது. மாதாமாதம் ரத்தம் போகிறது. பிள்ளை உண்டானால் சுமார் ஆயிரம் மில்லிகிராம், அதாவது ஒரு முழு கிராம் இரும்பு கூடுதலாக வேண்டும். மொத்தமே 3, 4 கிராம் உள்ள உடம்பில் ஒரு கிராம் என்பது சின்னத் தொகையா? நாம் சாப்பிடும் சோற்றில் இருந்தும் கீரையில் இருந்தும் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும் இரும்போ கொஞ்சம்தான். இரண்டு பிள்ளை பெற்ற பிறகு கணக்குப் பார்த்தால், பல பெண்களின் இரும்புக் கணக்கு கடனில் நிற்கிறது. கடன் இருப்பது அவர்களுக்கே தெரியாது. வீட்டு வேலையை மெதுவாகச் செய்து, நடையைக் குறைத்து, அந்தக் கடனோடு வாழப் பழகி விடுகிறார்கள். படி ஏறும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது.

பாதிப் பேருக்குச் சோகை

2019 முதல் 2021 வரை மத்திய அரசு நடத்திய தேசியக் குடும்ப நல ஆய்வு என்ன சொல்கிறது? இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தச் சோகை. ஆண்களில் 100-க்கு 25 பேர். தமிழ்நாட்டுப் பெண்களில் 53 பேர். இதற்கு முந்திய ஆய்வில் தமிழ்நாட்டுக் கணக்கு 55. அதாவது, ஐந்து வருஷத்தில் ஒன்றிரண்டு பேர்தான் குறைந்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கின் மீது டாக்டர்கள் சிலருக்குச் சந்தேகம் உண்டு. ஆய்வுக்காரர்கள் வீடு வீடாகப் போய், விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். விரல் நுனி ரத்தம் சரியான கணக்குத் தராது, கையில் ஊசி போட்டு ரத்தக் குழாயில் இருந்து எடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். 2016-2018-ல் குழந்தைகளுக்கு அப்படி எடுத்துப் பார்த்த வேறொரு தேசிய ஆய்வில் சோகைக் கணக்கு நன்றாகக் குறைந்து, 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 100-க்கு 41 பேர் என்று வந்தது. குடும்ப நல ஆய்விலோ ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 பேர்! 2023-ல் அரசு ஒரு முடிவு செய்தது. குடும்ப நல ஆய்வின் அடுத்த சுற்றில் சோகைச் சோதனை கிடையாது. அதைத் தனி ஆய்வாக நடத்துவது என்றார்கள். சரியான தராசு வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் 57 என்பது 40 ஆகவே குறைந்தாலும், பத்துப் பெண்களில் நாலு பேர் சோகையோடு படி ஏறுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? தராசை மாற்றுவதால் அவர்கள் மூச்சு சீராகி விடாது.

ஊட்டியும் மெக்சிகோவும்

திருத்தணியில் காற்று குறையவில்லை என்று சொன்னோம். காற்று நிஜமாகவே குறைந்த இடத்தில் என்ன ஆகும்? அங்கேதான் இரும்பின் மகிமை பளிச்சென்று தெரிகிறது.

1968-ல் மெக்சிகோ நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. அந்த நகரம் 7,350 அடி உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ நம்முடைய ஊட்டியின் உயரம். அங்கே ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் அந்தக் காலத்தில் நெடுந்தூர ஓட்டத்தில் உலக சாதனை படைத்தவர். 10,000 மீட்டர் ஓட்டத்தில் ஆறாவதாக வந்து, எல்லைக் கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். பிராணவாயு கொடுத்துத்தான் அவரைத் தெளிய வைத்தார்கள். ஜெயித்தவர் யார்? கென்யாவின் தெமு. இரண்டாவது, எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே. இரண்டு பேரும் மேட்டு நிலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்.

அன்று முதல் உலகமெங்கும் ஓட்டக்காரர்கள் பந்தயத்துக்கு முன்பு மலைக்குப் போய்ப் பயிற்சி செய்ய ஆரம்பித்தார்கள். ஏன்? காற்று குறைந்த இடத்துக்குப் போன சில மணி நேரத்தில் சிறுநீரகம் ஒரு சுரப்பை ரத்தத்தில் விடுகிறது. "பிராணவாயு போதவில்லை, கூலியாட்களைக் கூட்டு!" என்று எலும்பு மஜ்ஜைக்குப் போகும் தந்தி அது. மஜ்ஜை சிவப்பு அணுக்களை அதிகமாகச் செய்கிறது. மூன்று, நாலு வாரத்தில் ரத்தம் பலமாகிறது.

தந்தி வந்தால் மட்டும் போதுமா? சரக்கு வேண்டாமா? புது அணு செய்ய இரும்பு வேண்டும். கையிருப்பு இல்லாதவர் மலையில் ஒரு மாதம் இருந்தாலும் ரத்தம் கூடுவது இல்லை. 1992-ல் அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்கள் இதைக் கண்டார்கள். இரும்பு இருப்புக் குறைந்த ஓட்டக்காரர்களை 8,000 அடி உயரத்தில் நாலு வாரம் வைத்தார்கள். அவர்களுக்குச் சிவப்பு அணுக்கள் பெருகவே இல்லை.

2015-ல் ஆஸ்திரேலியாவில் 178 விளையாட்டு வீரர்களின் கணக்கைப் புரட்டிப் பார்த்தார்கள். மலைப் பயிற்சியின்போது இரும்பு மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு ஹீமோகுளோபின் மொத்தம் ஒரு சதவீதம் சொச்சம்தான் கூடியது. தினம் 105 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு மூன்று சதவீதத்துக்கு மேல். 210 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு நாலு சதவீதம். ஓட்டப் பந்தயத்தில் முடி அளவில் வெற்றி தோல்வி. அங்கே இது பெரிய லாபம். ஒன்றை மறக்கக்கூடாது: அந்த வீரர்களுக்கு முதலில் ரத்தம் பார்த்தார்கள். இருப்புக் குறைந்தவருக்குத்தான் அதிக மாத்திரை. கடையில் வாங்கித் தாங்களாகவே விழுங்கியவர்கள் அல்ல.

மலைவாசிகளுக்கு உயரத்தின் காரணமாகவே ஹீமோகுளோபின் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஆகையால், 12 கிராம் என்று காட்டினால் திருத்தணிப் பெண்ணுக்குச் சரி. ஊட்டிப் பெண்ணுக்கு அது குறைவு. உலக சுகாதார ஸ்தாபனம் 2024-ல் வெளியிட்ட விதிப்படி, ஊட்டி உயரத்தில் ஒரு கிராமுக்கு மேல் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். நீலகிரியில் பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

தேயிலை மலையில் நடந்த சோதனை

ஒலிம்பிக் வீரர்கள் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். சரி, ஓடப் போகிறவர்களை விடுங்கள். கூலி வேலை செய்ய மலை ஏறுகிறவர்களைப் பார்ப்போம். அவர்கள் நம்மவர்கள்.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிற பெண்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். நம் ஜில்லாக்களில் இருந்து போய்க் குடியேறியவர்களின் சந்ததி. முதுகில் கூடை, காலடியில் செங்குத்தான சரிவு, காலை முதல் மாலை வரை ஏற்றமும் இறக்கமும். வெறும் காலோடு நடந்தவர்களின் பாதம் வழியாகக் கொக்கிப் புழு உள்ளே புகும். குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். சோகைக்கு வேறு விதை வேண்டுமா?

1970-களில் அமெரிக்க, ஜப்பானிய விஞ்ஞானிகளும் இலங்கை டாக்டர்களும் சேர்ந்து அங்கே ஆராய்ச்சி செய்தார்கள். முதலில் 75 பெண்களை, நின்ற இடத்திலேயே நடக்க வைக்கும் இயந்திரத்தில் நடக்கச் சொன்னார்கள். வேகமும் சரிவும் கூடிக்கொண்டே போகும். முடியாதபோது இறங்கிக்கொள்ளலாம். சிலருக்கு ஹீமோகுளோபின் 6 கிராம்தான். சிலருக்கு 15. முடிவு என்ன? ரத்தம் குறையக் குறைய, நடக்கும் நேரமும் குறைந்தது. ரத்தம் குறைந்தவர்களால் கடைசிச் சரிவு வரை போக முடியவில்லை. அது 1977-ல் வெளிவந்தது.

அடுத்த சோதனைதான் முக்கியம். தோட்டத்துப் பெண்களை இரண்டு கட்சியாகப் பிரித்தார்கள். ஒரு கட்சிக்கு இரும்பு மாத்திரை. மறு கட்சிக்கு, பார்ப்பதற்கு மாத்திரை போலவே இருக்கும், மருந்து இல்லாத போலி. ஒரு மாதம் கழித்துப் பார்த்தார்கள். இரும்பு சாப்பிட்டு ரத்தம் ஏறியவர்கள் அதிகக் கொழுந்து பறித்தார்கள். சோகை எவ்வளவு கடுமையாக இருந்ததோ, அவ்வளவுக்கு முன்னேற்றம் அதிகம். 6 முதல் 9 கிராம் வரை இருந்தவர்களுக்குத்தான் பெரிய லாபம். எட்ஜெர்டன், கார்ட்னர், ஒகிரா, குணவர்தனா, செனவிரத்னே ஆகியோர் எழுதிய இந்த அறிக்கை 1979-ல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் வந்தது.

அதிகக் கொழுந்து என்றால் தோட்ட முதலாளிக்குத்தானே லாபம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த அறிக்கையில் இன்னொரு சேதி இருக்கிறது. அந்தப் பெண்களின் அன்றாட நடமாட்டத்தையும் அவர்கள் அளந்து பார்த்தார்கள். இரும்பு சாப்பிட்டவர்களின் நடமாட்டம் கூடியிருந்தது! அதுவரை ஓய்ந்து கிடந்த உடம்பு, தானாகவே எழுந்து நடக்க ஆரம்பித்திருக்கிறது. "சோம்பேறி" என்று கங்காணி திட்டிய பெண்களில் எத்தனை பேர் உண்மையில் சோம்பேறிகள்? எத்தனை பேர் ரத்தம் இல்லாதவர்கள்? மாமியார்களும் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எல்லாருக்கும் டானிக் அல்ல

அப்படியானால் வீட்டில் எல்லாரும் இரும்பு மாத்திரை சாப்பிடலாமா? கூடாது. இரும்பு, பலம் தரும் லேகியம் அல்ல. குறைந்தவருக்கு நிரப்பும், நிறைந்தவருக்கு ஒன்றும் செய்யாது. அளவுக்கு மேல் சேர்ந்தால் ஈரலைக் கெடுக்கும். உயரத்தில் நெடுங்காலம் வாழ்பவர்களில் சிலருக்கு ரத்தம் தேவைக்கு மேல் பெருகி, குழம்பு போல் கெட்டியாகி, அதுவே நோயாகிறது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டு மலைகளில் இந்த நோயை 1925-லேயே டாக்டர் மோங்கே கண்டு எழுதினார்.

எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதும் அல்ல. 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரி மலைவாசிகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். சிலரது சிவப்பு அணுக்கள் அரிவாள் போல வளையும் தன்மை உடையவை என்று கண்டார்கள். இந்தியாவில் அதுதான் முதல் தடவை. பரம்பரையாக வரும் அந்தச் சோகையை இரும்பு மாத்திரை தீர்க்காது. ஆகையால், முதலில் ரத்தச் சோதனை, பிறகுதான் மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனைக்குக் காசு இல்லை.

பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறையக்கூடாது. ஆணுக்கு 13. கர்ப்பிணிக்கு 11 இருந்தால் போதும். நடு மாதங்களில் பத்தரை இருந்தாலும் சரி.

கேதார்நாத் போகிறீர்களா?

நம் ஊர்க்காரர்கள் இப்போது இமயமலைக்கும் போகிறார்கள். கேதார்நாத் 11,700 அடி. அமர்நாத் 12,700 அடி. 2019-க்குப் பிறகு நின்றிருந்த கைலாச யாத்திரை 2025-ல் மறுபடியும் தொடங்கியது. அங்கே டோல்மா கணவாய் 18,000 அடிக்கு மேல். 2023 மே மாதம் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் சிகரத்திலேயே ஏறி விட்டார். தமிழ்நாட்டில் இருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் அவர்.

யாத்திரைக்கு முதல் வாரம் மாத்திரை வாங்கிப் பிரயோஜனம் இல்லை. மாத்திரை சாப்பிட்டால் மாதத்துக்குச் சுமார் ஒரு கிராம் ஹீமோகுளோபின் கூடும். கையிருப்பும் நிரம்ப வேண்டுமானால் மேலும் மூன்று மாதம். சித்திரையில் மலை ஏற வேண்டுமா? கார்த்திகையிலேயே ரத்தம் பாருங்கள். இன்னொன்று: மலையில் வரும் தலைவலி, வாந்தி, மயக்கத்துக்கு இரும்பு மருந்து ஆகாது. மெதுவாக ஏற வேண்டும். உடம்பு கேட்கவில்லை என்றால் உடனே கீழே இறங்க வேண்டும். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாத்திரை சாப்பிடும் முறை

2018-ல் தொடங்கிய "ரத்தச் சோகை இல்லா பாரதம்" திட்டத்தில் மாத்திரைக்கு நிறம் வைத்திருக்கிறார்கள். சின்னக் குழந்தைகளுக்கு மருந்துத் தண்ணீர். 5 முதல் 9 வயது வரை ரோஜா நிற மாத்திரை. 10 முதல் 19 வரை நீல மாத்திரை. பள்ளியில் வாரம் ஒன்று. கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு மாத்திரை. தினம் ஒன்று வீதம் 180 நாள்.

கொடுக்கிறார்கள், வாங்குகிறார்கள். சாப்பிடுகிறார்களா என்பதுதான் கேள்வி. மாத்திரை வயிற்றைப் புரட்டும். மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்தி, மிச்சத்தைப் பரண் மேல் போட்டு விடுகிறார்கள். கறுப்பாகப் போவது இரும்பின் நிறம். பயம் வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடலாம். அப்படியும் முடியாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டவர்கள் உடம்பில் மாத்திரை இரும்பு அதிகமாகச் சேர்ந்தது. தினம் சாப்பிட்டால் குடல் வாசலை உடம்பே கொஞ்சம் சாத்தி விடுகிறது.

டீ, காப்பியோடு மட்டும் சாப்பிடாதீர்கள். டீயில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புக்குள் விடாது. (கொழுந்து பறித்த பெண்களுக்கு வந்த சோதனையைப் பாருங்கள்! களைப்புத் தீர அவர்கள் குடித்ததும் அந்தத் தேயிலையைத்தான்.) ஒரு மணி நேரம் முன்னால் அல்லது பின்னால் குடிக்கலாம். எலுமிச்சம்பழச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவை இரும்பை உள்ளே அழைத்துப் போகும். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் கீரை இரும்பு கொஞ்சமே சேரும். கடுமையான சோகையைக் கீரை மட்டும் தீர்க்காது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் கைகண்ட சாப்பாடு. பாட்டிமார் சுவரொட்டியைப் பிள்ளைப் பேறு கண்டவளுக்குக் கொடுத்ததில் அர்த்தம் இருக்கிறது. அதை மாமனாருக்கும் மகனுக்கும் பரிமாறி விட்டு, சட்டியை வழித்துச் சாப்பிட மருமகளை விடுவதில்தான் அர்த்தம் இல்லை.

மாத்திரைப் புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சிவப்பு நிறத்தைப் பார்த்து மிட்டாய் என்று நினைத்து விடும். சின்னக் குழந்தை நாலைந்து மாத்திரையை விழுங்கினாலும் ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். புட்டியையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.